தோல் பாக்கிங்

என் மேஜை இழுப்பறையில் இரண்டு தோல் வளையங்கள் கிடக்கின்றன. நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, இரண்டு பக்கமும் போல்ட்டுக்காக ஒவ்வொரு சின்ன ஓட்டை. கறுத்து, சுருண்டு, தீய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்தால் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவேன். இரண்டையும் வெட்டியவர் என் அக்காவின் கணவர். மச்சான் என்று கூப்பிட்டேன், கூப்பிட வேண்டியிருந்ததால். இறந்துபோனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். பேசிவிடுகிறேன். தொழுகை தவறாதவர். தோலைத் தடவிப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்வார். நல்லது முடிந்தது.

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அவருக்குத் தோல் பதனிடும் தோல்ஷாப் ஒன்று இருந்தது. எங்கள் அத்தா மௌத்தான பிறகு, அம்மாவும் நானும் அவர் தயவில் இருந்தோம் என்று ஊர் சொல்லும். தயவு என்பது அவரும் அடிக்கடி சொன்ன வார்த்தை. சுற்றுப்பட்டிகளுக்கும் சந்தைகளுக்கும் போய்ப் பச்சைத்தோல் பிடித்து வருவது என் வேலை. அதற்காக அவர் கொடுத்தது, யுத்தத்தில் ஓடி முடித்து ஏலத்தில் வந்த மோட்டார் சைக்கிள். எருமை மாதிரி கனம், ஒற்றை சிலிண்டர். அதன் மேல் எனக்கு உயிர். மச்சானுக்கும் உயிர்தான், ஆனால் ஓட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் வரை மட்டும் ஓட்டுவார்.

மச்சானுக்கு ஒரு கோட்டி உண்டு. வீட்டில் எது உடைந்தாலும் தோலால் சரிசெய்வார். கதவு கிறீச்சிட்டால் கீலுக்குள் தோல். கட்டில் ஆடினால் காலுக்கடியில் தோல். கொல்லைப்புறத்துக் கைப்பம்பில் அவர் வெட்டிப் போட்ட தோல் வாசர் வருஷக்கணக்காக நின்றது, அதைப் பார்க்க ஆள் கூட்டி வருவார். “தோலு தாங்காத எடம் உண்டாடா?” என்று கேட்பார். பதில் சொல்லக் கூடாது, அது கேள்வி இல்லை.

ஒரு கோடையில் நான் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது வண்டிக்குச் சீக்கு வந்திருந்தது. காலையில் முதல் உதையிலேயே பிடிக்கும். ரெட்டியார்சத்திரம் வரை ஒரு குறையும் இருக்காது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் இரும ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் அணைந்துவிடும், கூட்டினால் கார்புரேட்டர் வழியாகத் திரும்பித் தும்மும். வேப்பமரத்தடியில் செத்த நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். மனுஷனாக இருந்தால் நடிக்கிறான் என்று கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

ஒட்டன்சத்திரம் சந்தை நாளன்று வழியிலேயே அது படுத்துக்கொண்டது. தள்ளியும் ஓட்டியும் நான் போய்ச் சேர்ந்தபோது, நல்ல தோலையெல்லாம் வேறு வியாபாரி அள்ளிப் போயிருந்தான். கன்னிவாடிப் பக்கமிருந்து வந்த ஆட்டுத்தோல் மொத்தமும் போயிற்று. வெறுங்கையோடு தோல்ஷாப்புக்குத் திரும்பினேன். மச்சான் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வேலையாட்கள் எல்லோரும் சுண்ணாம்புத் தொட்டிகளைச் சுற்றி நின்றார்கள்.

“பெட்ரோல வித்துத் தின்னுட்டு மண்ணெண்ணெயக் கலந்து வெச்சிருக்க. களவாணிப் பயலே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வண்டி ஒழுங்காக ஓடாவிட்டால் அக்காவையும் கூட்டிக்கொண்டு நான் எங்கள் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்றார். களவாணி கூடப் பிறந்தவளை வைத்துச் சோறு போட அவருக்கு விதியா என்று ஒரு கேள்வி. அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க வண்டியோடேயே கிடந்தேன். டேங்கைக் காலி செய்து, மச்சானின் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். அதே இருமல். இதைச் சொன்னபோது, கணக்குப்பிள்ளையையும் நான் கூட்டுச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார் மச்சான். பிளக்கைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கரி அப்பியிருக்கும். இதுவோ சாம்பலாய் வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று கூடிவிட்டது என்று அர்த்தம். ஜெட்டை ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. இருமும்போது சோக்கைப் பாதி இழுத்தால் இருமல் அடங்கியது. அப்படியானால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. வண்டிக்குள்ளும் ஒரு களவாணி இருக்கிறான் என்று நினைத்ததும், அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை பழனி ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டி, இருமலோடேயே தோல்ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டேன். வேலையாட்களும் வந்தார்கள், வரட்டும் என்றுதான் அந்த இடத்தில் நிறுத்தினேன். எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் சொட்டு விட்டேன். இருமல் சட்டென்று நின்றது. எஞ்சின் சீராக அடித்தது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி இருமியது. மறுபடி சொட்டு, மறுபடி சீர். சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எஞ்சினை அணைத்து, விரல் சுடச்சுட நட்டைக் கழற்றி அந்த இடுக்கைத் திறந்தேன். உள்ளே, காற்று புகாமல் அடைக்கும் அட்டை பாக்கிங் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் தோல்ஷாப்பின் செம்மறித்தோல், சூட்டில் சுருங்கி ஓரமெல்லாம் மடங்கி நின்றது.

நான் காய்ச்சலில் கிடந்தபோது மச்சானே கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்திருக்கிறார். பழைய பாக்கிங் கிழிந்திருக்கிறது. உடனே கைப்பம்பு வித்தையைக் காட்டியிருக்கிறார். கைப்பம்பில் தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் நிற்கும். இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சினிலும் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி உப்பி, காலையில் இடுக்கை அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் தோல் சுருண்டுவிடும் என்பது தோல்ஷாப்பில் கூட்டிப் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். தோல் வியாபாரிக்குத் தெரியாதா? தெரியும். தன் தோல் சுருங்காது என்று நினைத்திருப்பார்.

வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “சரி. வண்டி ஓடுதுல்ல, போய் வேலயப் பாரு,” என்று என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப அந்த வார்த்த, மச்சான்?” என்றேன்.

“எந்த வார்த்த?”

வேலையாட்கள் தொட்டிப் பக்கம் திரும்பிப் போனார்கள். அவர் முன்னால் அழக் கூடாது என்று குனிந்து வேலையை முடித்தேன். தடித்த அட்டையில் புதுப் பாக்கிங் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினேன். வண்டி தேவதை மாதிரி ஓடியது. மறுநாள் அதே வண்டியில் அவர் ஜும்ஆவுக்குப் போனதைப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு லாரி ஷெட்டில் கிடைத்த வேலைதான் என்னைக் கரையேற்றியது. அக்காவை அவர் அனுப்பவில்லை. களவாணி என்ற சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குத் திண்டுக்கல் போனாலும் சொந்தக்காரர்கள் தங்கள் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பதுபோல எனக்குத் தோன்றும். என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ, தெரிந்தது.

அறுபதுகளின் கடைசியில் மச்சான் மௌத்தானார். அக்கா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்ததும் அவளைப் பார்க்கப் போனேன். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை, மீசை அரும்பிய பையனாக வண்டியை முற்றத்தில் உருட்டி வந்து நிறுத்தினான்.

“சூடானா இருமுது மாமா. அத்தா இருக்கும்போதே இப்புடித்தான். எவனோ களவாணிப் பய பெட்ரோல்ல கலந்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருப்பாக.”

எவனோ. பிள்ளைக்குப் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் அவர் எனக்குக் காட்டிய தயவு. இத்தனை வருஷமாக நான் மதுரையில் இருக்க, திண்டுக்கல்லில் அவர் டேங்கில் யார் கலந்துகொண்டிருந்தது? ஸ்பானரை வாங்கி நேராக அந்த இடுக்கைத் திறந்தேன். நான் போட்ட அட்டை இல்லை. தோல் இருந்தது.

அக்கா வாசல் நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல்தான் போட்டிருப்பார் என்று அவளுக்காகச் சொன்னேன்.

“தெரியாமயா?” என்றாள். “நீ போன வாரமே உன் அட்டயப் பிச்சுப் போட்டுட்டு, எங்கிட்டத்தான் கத்தரிய வாங்கி வெட்டினாரு. இருமட்டும், இருமுனாத்தான் களவாணி வேலன்னு நாலு பேருக்குத் தெரியும்னாரு.”

அப்புறம் அவள் உள்ளே போய்விட்டாள். நான் அட்டை வெட்டிப் பூட்டினேன். பையன் தெருக்கோடி வரை சீராக ஓட்டிப் போய், ஆச்சரியமாகத் திரும்பி வந்தான். தோலை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இன்று இழுப்பறையைத் திறந்தால் எது முதல் வளையம், எது இரண்டாவது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலாவதை அவர் கெடுதல் நினைக்காமல் வெட்டினார், அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். இரண்டாவது அப்படியே இருக்கிறது.