ஃபிரிட்ஜின் மேலிருந்த பாட்டில்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பில் உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர். குளியலறை டைல்ஸில் வெள்ளைக் கறை படிந்துகொண்டே இருக்கும். அதற்காக மொபெட்டில் வருகிறவரிடம் ஆசிட் வாங்குவேன். பழைய தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தருவார். தவழும் மகளுக்கு எட்டக்கூடாது என்று அதை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். வெளியாட்களுக்கென்று நான் ஒதுக்கியிருந்த குடிநீர் பாட்டிலும் அங்கேதான் இருந்தது. மகளுக்கு ஏதாவது தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அப்படியொரு ஏற்பாடு.

ஒரு நாள் காலை அரைத்தூக்கத்தில் இருந்தேன்; முந்தின இரவெல்லாம் மகள் தூங்கவிடவில்லை. குடிநீர் கேன் போடும் அண்ணன் மூன்று மாடி ஏறி வந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். ஃபிரிட்ஜின் மேலிருந்து கைக்கு வந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் ஆசிட் நெடியில் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"என்னம்மா, என்னை ஒரேயடியா அனுப்பப் பாத்தீங்களா?" என்று சிரித்தார். நான் பாட்டிலை வாங்கி மூடினேன். என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாப்பா நாளைக்கு எழுந்து நடக்குமேம்மா. இதைத் தண்ணி பாட்டில்ல வைக்காதீங்க."

மகளின் தண்ணீரை இரண்டு முறை காய்ச்சுகிறவள் நான்.

ஆசிட் வாங்குவதை அதோடு விட்டேன். எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறேன்; கறை பாதிதான் போகிறது.

அடுத்த வாரம் அவர் தண்ணீர் கேட்கவில்லை. நானாகவே எங்கள் டம்ளரில் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். எனக்கு வருத்தமில்லை. மகளுக்குக் கொடுக்கும் முன் நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.