சங்கு ஊதாத மதகு

மலாய் நாட்டில் டெங்கிலுக்குப் போகும் வழியில், காட்டோரம் ஒரு பழைய அணை. அதன் பின்னே தேங்கிய ஏரியில் வெட்டிய மரங்கள் மிதக்கின்றன. மதகைத் திறந்தால் வெள்ளம் அவற்றைக் கீழே மரம் அறுக்கும் ஆலை வரை அடித்துக்கொண்டு போகும்.

அணைக்குக் கீழே ஒரு பெண் துணி துவைக்கிறாள். ஆற்றில் இறங்கவில்லை, வாளியில் மொண்டு மேட்டுக்குச் சுமந்து வருகிறாள். வழிப்போக்கனான நான் நின்று கேட்கிறேன்.

"ஏன்க்கா, ஆத்துலயே தொவைக்கலாமே?"

"முன்னல்லாம் அப்படித்தாண்ணே. மதகு தெறக்க முன்னாடி முனியாண்டிக்குச் சூடம் காட்டி சங்கு ஊதுவாங்க. சத்தம் கேட்டா நாங்களும் பக்கத்துக் கம்பத்துல குடியிருக்கிற மலாய்க்காரங்களும் கரையேறிருவோம். புதுத் தொரை வந்தான். வேலை நேரத்துல என்ன பூசைன்னு நிறுத்திட்டான்."

அவனுக்குச் சங்கு என்றால் சாமி சமாச்சாரம். அவ்வளவுதான் அவன் அறிவு.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறு உறுமுகிறது. மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பாய்கின்றன. மேட்டில் நிற்கும் என் வேட்டி வரை சேறு தெறிக்கிறது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் துணியை முறுக்குகிறாள்.

"அதுக்கப்புறம் சங்கே ஊதலையா?"

"ஒரு தடவை ஊதினாங்க. எம் புருசன் பொணத்தைத் தூக்குறப்போ. அதுவும் வேலை நேரந்தான்."