நாலு மணி நேரமும் நித்தியமும்

ரத்தத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே அனுப்புவதுதான் என் பிழைப்பு. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். ஆறு கட்டில், ஆறு மெஷின். ஒருத்தருக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள். என் பெயர் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நித்திய ஜீவனை நம்புகிறேன் என்று எல்லோரோடும் சேர்ந்து சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ஆலங்குடி பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு யாருக்கு என்ன ஆகுமோ என்று பயப்படத் தொடங்கிவிடுகிற ஆள். டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்களா எப்போதாவது? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

கரண்ட் போனபோது

முத்தையா அண்ணன் முந்திரித் தோப்புக்காரர். முதல் நாள் கட்டிலில் படுத்ததுமே, "கரண்டு போனா என்னங்க ஆகும்?" என்று கேட்டார். மெஷினில் பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, கவலைப்படாதீங்க என்றேன். சொல்லி ஒரு மணி நேரம் ஆகவில்லை, கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒருதரம் உறுமிவிட்டு அடங்கியது. மற்ற மெஷின்களெல்லாம் பேட்டரியில் ஓட, அவருடையது மட்டும் நின்றுவிட்டது.

குழாயில் நிற்கிற ரத்தம் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். அதற்காக ஒரு கைப்பிடி உண்டு. பம்பில் மாட்டி, கையாலேயே சுற்றி, ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். படித்திருந்தேனே தவிர செய்ததில்லை. சுற்றினேன். "இயேசப்பா, இயேசப்பா" என்று வாய்விட்டே கூப்பிட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கடைசிச் சொட்டும் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தேன். வேர்த்துப்போய்ப் படுத்திருந்த முத்தையா அண்ணன் சொன்னார்: "சாமிய நல்லாக் கூப்பிட்டீங்க சிஸ்டர். அப்படியே அந்த ஜெனரேட்டர்காரரையும் ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம்ல?"

முக்கால் லிட்டர்

காளியம்மாக்கா கட்டுமாவடியில் மீன் விற்கிறவர். ரெண்டு பஸ் மாறி வருவார். எங்கள் நோயாளிகளுக்குச் சிறுநீர் பிரியாது. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி, அளவு மீறினால் நுரையீரலுக்கு ஏறிவிடும். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். ஒரு புதன்கிழமை படுக்கவே முடியாமல், மூச்சு இழுத்துக்கொண்டு வந்து நின்றார். எடை போட்டால் அஞ்சு கிலோ கூடியிருந்தது. உட்கார வைத்து, ஆக்சிஜன் வைத்து, நீரை வடிய விட்டோம். மூச்சு சீராக ரெண்டு மணி நேரம் ஆனது.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உயிர் போயிருக்கும், தெரியுமா?" என்று கத்தினேன். வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிறவருக்குத் தொண்டை காயாதா என்று அப்புறம்தான் தோன்றியது. அவர் சண்டைக்கு வரவில்லை. "செத்தா ஒரு ஊருக்குப் போவோம்னு ஒங்க ஆளுக சொல்றாகளே, அங்க தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். ஆறே ஓடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பகீரென்றது, அங்கே போக நானே ஆசை காட்டிவிட்டேனோ என்று. அவர் அடுத்ததையும் கேட்டார்: "ஆறு கெடக்கட்டும். அளந்து ஊத்துற நர்சு அங்கிட்டும் இருப்பாகளா?"

உபதேசியார் ஐயா

எங்கள் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியாரும் ஒருநாள் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்காக வருத்தப்பட்டாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி, பயப்படாத ஒருத்தராவது இங்கே இருப்பாரே என்று. எத்தனையோ கல்லறைக் குழிகளின் பக்கத்தில் நின்று, இது முடிவில்லை, அழாதீர்கள் என்று கணீரென்று சொன்னவர். என் அப்பாவின் குழியருகேயும் அவர்தான் சொன்னார்.

ஊசியை எடுத்ததும் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையை இழுத்துவிடச் சொன்னார். "எஸ்தரு, சபையில யார்கிட்டயும் சொல்லிராத."

"ஊசிக்கு எல்லாருமே பயப்படுவாங்க ஐயா."

"ஊசிக்கு இல்லம்மா. பரலோகம் இருக்குன்னு எனக்குத் தெரியும். போற வழியிலதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து அவருக்கு ரத்தம் எடுக்கிற ஊசியும் திருப்பி அனுப்புகிற ஊசியும் ஏறும்வரை நான் பக்கத்திலிருந்து நகர்ந்ததில்லை.

எட்டு மாதம் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கட்டில் காலியாகக் கிடந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தகவல் வந்தது. அடக்கம் முடிந்து, அவர் மனைவியைப் பார்க்கப் போனபோது, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்: கடைசியில் பயந்தாரா அம்மா?

அவருடைய வெள்ளை ஜிப்பாக்களை மடித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "பயந்தாரும்மா. என் கைய விடவே இல்ல. பயந்துக்கிட்டேதான் போனாரு. அதனால என்ன, போய்ச் சேந்துட்டாருல்ல?"

லேபிள்

அடுத்த மாதம் எனக்கே மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். சர்ச்சில் பரலோகப் பாட்டைப் பாடும்போதே, ஆறாவது படிக்கிற என் மகளுக்கு இனி யார் தலை பின்னிவிடுவார்கள் என்று மனசு ஓடியது. நம்பிக்கை எங்கேயும் போகவில்லை. பக்கத்திலேயே பயமும் உட்கார்ந்திருந்தது.

ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் ஃபில்டரைக் கழுவி, அதே நோயாளிக்குத்தான் மறுபடி போடுவோம். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். ஏழாவது நாள், முத்தையா அண்ணனுடையதை எடுத்துக் காளியம்மாக்காவின் மெஷினில் மாட்டப் போய்விட்டேன். சரிபார்க்க வந்த டெக்னீஷியன் பாண்டி என் கையைத் தடுத்துப் பிடித்தான். பெயரைப் பார்த்தேன். முத்தையா என்றிருந்தது. டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன், திட்டு வாங்கினேன். திரும்பி வந்து, "செத்தாலும் மோட்சம்தான்னு நம்புறவ நான். அப்புறம் ஏன் பாண்டி இப்படிப் புத்தி தடுமாறுது?" என்று அழுதேன். நெற்றி நிறையத் திருநீறோடு நின்றவன் சரியான ஃபில்டரை என் கையில் கொடுத்தான்: "மோட்சம் எங்கயும் ஓடிப் போயிராதுக்கா. நீங்க லேபிளப் படிங்க."

முடிவு வந்த நாள்

கவரைப் பிரித்தேன். சாதாரணக் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. எடை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், காளியம்மாக்காவைக் கட்டிக்கொண்டேன். விஷயத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துவிட்ட அவர் சொன்னார்: "நீங்க சொல்ற அந்த ஊருக்கு இப்பப் போக வேணாம்னதும் இம்புட்டுச் சந்தோசப்படுறீகளே சிஸ்டர், அது நல்ல ஊருதானே?"

நல்ல ஊர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை; ஆனாலும் காலையில் எல்லாக் கட்டிலிலும் ஆள் வந்து படுக்கும்வரை எனக்கு இட்லி தொண்டையில் இறங்குவதில்லை.