மருதையன் கிழித்த தாள்

காரைக்கால் பக்கத்துக் கிராமமான பூவத்தில் முதன்முதலாகத் தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்டவர் மருதையன். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன கோவிந்தராசுவின் மகன். எழுபத்து நான்காம் வருஷம் பட்டம் கைக்கு வந்த அன்று அதைப் படித்துப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. கோவிந்தராசு அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை நல்லா பதிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பட்டத்துக்குக் குறுக்கே நெடுநாள் நின்றது ஒரு சின்ன இங்கிலீஷ் சொல். 'இட்'. புகுமுக வகுப்பில் மழை பெய்கிறது என்பதற்கு மருதையன் 'ரெய்ன் ஈஸ் ரெய்னிங்' என்று எழுத, விரிவுரையாளர் சிவப்பு மையில் சுழித்து 'இட்' போட்டுத் தந்தார். மருதையன் எழுந்து, "மழைதானே சார் பெய்யுது? இந்த இட்டுங்கிறது யாரு?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. நம் பேச்சில் மழை பெய்தால் மழைதான் பெய்யும். நடுவில் இன்னொரு ஆள் கிடையாது. தேர்வில் பிழை திருத்தச் சொல்லிப் பத்து வாக்கியம் வரும். அதில் நாலைந்தில் இந்த ஆளில்லாத ஆளை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள். மருதையனுக்கு அந்த நாலைந்தும் போய்விடும்.

விஷயம் பிடிபட்டது காரைக்கால் பஸ் நிலையத்தில். சாயங்கால பஸ் வந்து நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தார். துண்டு பயணம் போகப்போவதில்லை. ஆனாலும் அது கிடக்கிறவரை அந்த இடம் காலி இல்லை. உரிய ஆள் பின்னால் நிதானமாக ஏறி வருவார். 'இட் ஈஸ் ட்ரூ' என்று துண்டைப் போட்டுவிட்டால், எது உண்மையோ அது 'தட்' என்று பின்னால் வந்து உட்காரும். மழைக்குத் துண்டு மட்டும்தான், கடைசிவரை ஆளே வரமாட்டான். வெள்ளைக்காரனுக்கு முன் சீட்டு காலியாக இருந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். பூவத்துக்குப் போய்ச் சேர்கிறவரை மருதையன் நின்றுகொண்டே சிரித்தார். அதன்பிறகு அவர் ஒரு வாக்கியம்கூடத் தவறவிடவில்லை.

எழுபத்தாறில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. தலைமை எழுத்தர் நடராசன் பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். பிரெஞ்சில் கடிதம் எழுதினால் ஒரு புள்ளிகூடத் தப்பாது. இங்கிலீஷ் என்றால் வரிக்கு வரி தடுக்கும். தான் எழுதிய வரைவை மருதையனின் மேஜையில் போட்டுவிட்டு, "முசியே, கொஞ்சம் சவரம் பண்ணி விடுங்க" என்பார் பிரெஞ்சு மரியாதையில்.

மருதையன் சவரம் பண்ணினார். ஒருவர் பார்த்தார், இன்னொருவர் சொன்னார் என்று மண்ணும் தூசியுமாக வருகிற தாளையெல்லாம் 'இட் ஈஸ் ரிப்போர்ட்டட்' என்றும் 'இட் ஈஸ் லேர்ன்ட்' என்றும், அதாவது தெரிவிக்கப்படுகிறது, அறியப்படுகிறது என்று, வழித்து எடுத்தார். யார் பார்த்தது, யார் சொன்னது என்ற தொல்லையே இல்லாமல் வாக்கியம் கோட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றது. மேலே இருந்து பாராட்டு வந்தது. பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் வரைவு வந்தது. சுத்தப் பிரதி கையெழுத்தானதும் மூலத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். கோப்பில் அழுக்குத் தாள் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

எழுபத்தொன்பது ஐப்பசிக் கடைசியில், அடைமழையில், திருவேட்டக்குடிக் கடலில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. காத்தமுத்து திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. கூடப் போன முத்தையன் மறுநாள் உயிரோடு வந்து சேர்ந்தான். முத்தையன் யார் என்றால், காத்தமுத்துவின் பெண்டாட்டி கனகாம்பாளுக்குக் கூடப்பிறந்த தம்பி.

கனகாம்பாளின் குடிசை அந்த மழையிலேயே அலையோடு போயிருந்தது. மூன்று பிள்ளைகளோடு வலைக் கொட்டகையில் இருந்தாள். கடலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு மேட்டில் மனைப்பட்டா கொடுக்கப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. உடல் இல்லாததால், பார்த்தவர் சொன்னால்தான் இறப்பைப் பதிய முடியும். இறப்பைப் பதிந்தால்தான் பட்டியலில் பெயர். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சின்னப்பிள்ளை அவளுடைய மனுவையும், அதோடு நோட்டுத் தாளில் முத்தையன் தன் கைப்பட எழுதியதையும் கொண்டுவந்து கொடுத்தார். தபால் எழுத்தர் ஜெய்னுலாபுதீன் அதைத் தபால் பதிவேட்டில் ஏற்றினார்: காத்தமுத்து இறப்பு குறித்த மனு, கூட இருந்தவர் வாக்குமூலம், தாள் ஒன்று.

மருதையன் அந்தத் தாளை முழுக்கப் படித்தார். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. 'மரம் கவுந்துச்சு. மச்சான் கையைப் புடிச்சிக்கிட்டு கெடந்தேன். விடியிறப்ப கை விட்டுப் போச்சு' என்று எழுதி, கடைசி வரியை அடித்துவிட்டு, அதன் கீழே 'நான் விட்டுட்டேன்' என்று எழுதியிருந்தான். அடித்த வரியையும் அதன் கீழ் வரியையும் மருதையன் மறுபடி படித்தார். அதற்காகக் கை வழக்கத்தை விடவில்லை. மேற்படி காத்தமுத்து கடலில் மறைந்ததாக அறியப்படுகிறது என்று அழகான இங்கிலீஷில் ஒரே வாக்கியம். தட்டச்சாகிக் கையெழுத்தானதும் தாள் நாலாகி, கூடைக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கோப்பு மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி. அறியப்படுகிறது என்றால், யாரால்? பார்த்தவரின் வாக்குமூலத்தை இணைக்கவும். பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது.

நடராசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தாள் எங்கே?"

"கிழிச்சிட்டேன் சார்."

"போ. போய் இன்னொண்ணு எழுதி வாங்கிட்டு வா."

அன்றே பஸ் பிடித்து, கோட்டுச்சேரியில் இறங்கி நடந்தே திருவேட்டக்குடிக்குப் போனார் மருதையன். சின்னப்பிள்ளை கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"அது முடியாது தம்பி."

"ஒரு கையெழுத்துத்தாங்க. போன தடவை கொடுத்தாரே."

"கொடுத்தான். அது கரையேறின மறுநாள். அப்புறம் காத்தமுத்து அண்ணன் தம்பிங்க, கையை விட்டவன் இவன்தான்னு கிளம்பிட்டாங்க. அரிவாள எடுத்துட்டான் ஒருத்தன். ஊர் கூடி உக்காந்துச்சு. கடல் கொண்டுபோச்சு, அவ்வளவுதான், இனிமே இதப்பத்தி ஒத்த ஆள் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. எது சொன்னாலும் ஊர்தான் சொல்லும். ஊர் சொல்றதுன்னா இப்பவே எழுதிக்குங்க, நூறு பேரு கைநாட்டு வெக்கிறோம்."

"ஊர் பார்த்துச்சான்னு கேப்பாங்களே."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? மொதல்ல குடுத்த தாள் என்னாச்சு? அதுல என்ன கொறச்சல்?"

மருதையன் மணலைப் பார்த்தார். "அது... எங்கிட்ட இல்லீங்க. நான்தான் கிழிச்சேன்."

"கிழிச்சீங்களா?" சின்னப்பிள்ளை பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "படிச்ச புள்ளைன்னு உள்ள கொண்டுபோய்க் கொடுத்தேன்டா."

பேச்சுச் சத்தம் கேட்டுக் கனகாம்பாள் கொட்டகையிலிருந்து வந்து நின்றாள். அவளிடமே கேட்டுப் பார்த்தார் மருதையன். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"கட்டுப்பாடு போடச் சொன்னதே நாந்தான் தம்பி" என்றாள் அவள். "புருசன கடல் எடுத்துக்கிச்சு. தம்பிய ஊரு எடுத்துக்கக் கூடாதில்ல? மனை இல்லாட்டி போவுது. அவன் பேர அதுல இழுக்காதீங்க."

திரும்பி நடக்கும்போது மருதையனுக்கு ஒன்று புரிந்தது. பெயரை மறைத்துப் பேச ஊருக்கும் தெரியும். ஊர் அதை ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. அவர் செய்தது வாக்கியம் பளபளப்பாக இருப்பதற்காக. கோட்டுச்சேரி வருகிறவரை அந்த வெட்கம் அவர் கூடவே நடந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். மருதையனாகிய நான் இன்ன தேதியில் கூட இருந்தவரின் வாக்குமூலத்தைப் பெற்றேன். நான் படித்தேன். காத்தமுத்து கடலில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் அதில் எழுதியிருந்தார். அதை நான் கிழித்தேன். அது என் தவறு. தாள் வந்ததற்குத் தபால் பதிவேடு சாட்சி. எல்லாம் இங்கிலீஷில்தான், அவர் செய்ததைச் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் 'ஐ' என்று தொடங்கியது. கீழே பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டார்.

நடராசன் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஏன்யா, மெமோவை நீயே கேட்டு வாங்குறியா? தாள் எலி கடிச்சிடுச்சுன்னு எழுதேன். எத்தனை கோப்பு எலி கடிச்சிருக்கு இங்க!" என்றார்.

"எலி பார்த்துச்சான்னு கேப்பாங்க சார்."

நடராசனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. "ரெண்டு வருசம் பின்னால போயிடுவே. ஊர்ல உன்னை ஆபீசர் ஆவான்னு சொல்லிட்டிருக்காங்க."

"சொல்லட்டும் சார்."

ஜெய்னுலாபுதீன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் கூடவே போனார். மேலதிகாரி தாளையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கூட இருந்தவரின் பெயர் என்ன என்று கேட்டார். மருதையன், அது ஊருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து, அதனால் எழுதவில்லை, கேட்டால் நானே பதில் சொல்கிறேன் என்றார். மேலதிகாரி அந்தத் தாளையே வாக்குமூலமாக ஏற்றுக்கொள்ள, வியாழன் மாலை இறப்பு பதிவானது. வெள்ளிக்கிழமை கனகாம்பாள் பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்த திங்களன்று மருதையனுக்கு மெமோ வந்தது. துறைத் தேர்வில் அந்த வருஷம் அவர் முதலாவதாகத் தேறியிருந்தும், பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போனது. வீட்டில் கோவிந்தராசு காரணம் கேட்டார். மகன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு எடம் கெடைச்சிச்சில்ல" என்று படுக்கப் போய்விட்டார்.

பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் துறைத் தேர்வுக்குப் போகிறவர்கள் அவரிடம் இங்கிலீஷ் கேட்டுக்கொள்ள வருவார்கள். எல்லாம் சொல்லிக்கொடுப்பார். கோப்பில் வருகிற தாளை மட்டும் கிழிக்காதே என்பார், காரணம் சொல்லமாட்டார்.

அதற்கெல்லாம் முன்பு, எண்பதாம் வருஷம் பங்குனியில், மேட்டு மனையில் கனகாம்பாள் குடிசை போட்டுக் குடியேறிய மறுவாரம், முத்தையன் அலுவலகத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். மருதையன் எழுந்து போய் அவனை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

"எம் பேரு எதுலயும் இல்லைன்னு தலைவர் சொன்னாரு."

"இல்லப்பா."

"நான் எழுதுனத படிச்சது நீங்க மட்டுந்தானா?"

"நான் மட்டுந்தான்."

"அடிச்சிட்டு, கீழ ஒண்ணு எழுதுனேனே. அது?"

"அதையும் படிச்சேன்."

முத்தையன் கீழே உட்கார்ந்தான். மருதையனும் ஆபீசுக்குக் கட்டி வந்த வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஊருல எங்கியும் சொல்ல முடியல சார். அக்கா முன்னாடி அழக்கூட முடியல. நீங்க ஒருத்தர்தான் விஷயம் முழுசும் தெரிஞ்சவரு" என்றான் அவன். பிறகு மரம் கவிழ்ந்ததிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தான். சில இடத்தில் முன்னுக்குப் பின் மாறியது. சில இடத்தில் பாதியில் நின்று மறுபடி தொடங்கினான். மருதையன் எங்கேயும் குறுக்கிட்டுத் திருத்தவில்லை.