இரண்டு கல்லுக்கு நடுவே

மனைவி மாசமாக இருக்கிறாள் என்று இந்த ஊரில் சொன்னால் யாரும் வாழ்த்துவதில்லை. "பெஷா தோவா" என்கிறார்கள். நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்று அர்த்தம். பிள்ளை கைக்கு வரும்வரை அவ்வளவுதான். இஸ்ரேலின் ஹைஃபாவில் நான் கல் கட்டும் சைட்டில், யோசி என்கிற உள்ளூர் மேஸ்திரி முதன்முதலில் அப்படிச் சொன்னபோது, என் மாமனாரின் அவிநாசி ஜோசியர் இங்கேயும் கிளை திறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். யோசி வாட்சைப் பார்த்து, "பத்தரைக்கு. டீ குடித்துவிட்டு வந்துவிடு" என்றார்.

அந்த டீ நேரத்தில்தான் அவர் இரண்டு பிளாக் கல்லைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, கல்லுக்கொரு கால் என்று ஊன்றிக் குந்திக் காட்டினார். "ஒவ்நயிம்." பழைய எபிரேய பைபிளில் வரும் சொல்லாம்; ஜோடிக் கல். அந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் பிள்ளை பெற்றார்களாம். அடிமைகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் அந்தக் கல்லிலேயே கொன்றுவிடுங்கள் என்று எகிப்து ராஜா மருத்துவச்சிகளுக்கு உத்தரவு போட்டானாம். அவர்கள் கேட்கவில்லையாம். அந்த அடிமைகளின் வேலை என்ன தெரியுமா? செங்கல் அறுப்பது! மதுக்கரைச் சிமென்ட் தூசியில் வளர்ந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிய எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. பகலெல்லாம் ராஜாவுக்குக் கல் அடுக்கியவர்களுக்கு, தங்களுக்கென்று இரண்டே கல். அந்த இரண்டின் மேல் மட்டும் ராஜாவின் அதிகாரம் ஏறவில்லை.

உடனே மனைவி கவிதாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "அம்மணி, ரெண்டு கல்லு கூரியர்ல போட்டுடறேன். உங்கப்பன் ஊட்டு வாசல்ல எறக்கிக்க."

பதில் வந்தது: "கல்லோட சேர்ந்து நீங்களும் வந்து எறங்குங்க, பார்க்கலாம்."

வலி எடுத்த அன்று அவளே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "ஏனுங்க, மத்தியானத்துக்குள்ள பொறந்தாத்தான் நல்ல நேரம்னு ஜோசியர் சொல்லிப்போட்டாராம். அப்பா ஆபரேசன் பண்ணச் சொல்றாருங்க. டாக்டரம்மா பொறுக்கலாம்னுதான் சொல்றாங்க. எனக்குத் தெம்பிருக்குதுங்க. ஆனா நாஞ்சொன்னா எடுபடல. நீங்க சொல்லுங்க."

என் பேச்சு எடுபடுமா? கல்யாணத்தன்று மாமனாரின் செருப்பை ஒளித்துவைத்துவிட்டு, அவரோடு சேர்ந்தே மண்டபம் பூராவும் தேடியவன் நான். போன் அவர் கைக்கு மாறியது.

"மாமா, கவிதா சொல்றபடி உடுங்க. டாக்டரே பொறுக்கலாம்ங்கறாங்கல்ல."

"வெளையாடற நேரமாங்க இது, மாப்ள?"

"வெளையாடலீங்க மாமா. வலி அவளுது. அவ சொல்றதுதானுங்க."

மாமனார் போனைக் காதிலிருந்து எடுத்து என் பேர்தானா என்று பார்த்திருப்பார். "ஏனுங்க, நீங்கதான் பேசறீங்களா? வேற யாராச்சும் உங்க போனை எடுத்துட்டாங்களா?"

"நான்தானுங்க. கெட்ட நேரம்னு ஒண்ணு இருந்தா அது அப்பன் தலையில எறங்கட்டுங்க."

"சரீங்க. உங்களை நம்பித்தான் உடறேன்" என்று வைத்துவிட்டார். சிரிக்கவே சிரிக்காத மனுஷன் என்னை நம்பியது, ஜோசியரைவிடப் பெரிய பயமாக இருந்தது. அங்கே மத்தியானம் தாண்டியது. இங்கே நான் அடுக்கிய கல் வரிசை பாம்பு மாதிரி போயிருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்று யோசி தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். திட்டாமல், அவரே கல்லைப் பிரித்து எடுத்துவைத்தார்.

அப்புறம் வீடியோ அழைப்பு. திரை நிறைய மாமனாரின் முகம். "மாப்ள, பொம்பளப் புள்ள. சரியா ராகு காலத்துல வந்திருக்கறா. வந்ததுமே என்னைத்தான் மொறைக்கறா." சிரித்தார்! பின்னாலிருந்து கவிதாவின் தேய்ந்த குரல்: "உங்க கல்லு வந்தே சேரலீங்க."

நான் ஏதோ கத்தினேன். சைட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமனார் போனைக் குழந்தைக்கு முன்னால் நீட்டி, "கண்ணு, இதா பாரு, உங்கப்பன்" என்றார். அவள் போனைப் பார்க்கவில்லை. பேசிய தாத்தா பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கலவை இறுகுகிறது என்று யோசி தூரத்திலிருந்து கையைக் காட்டினார். வலது கையில் கொத்துக் கரண்டி, இடது கையில் போனுக்குள் மகள். எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தேன்.