வன்னியராஜின் மூக்குக்காக நான் போட்ட நோட்டீஸ்

ஆறு வருடம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வன்னியராஜின் மூக்கு போனது 1996-ல். அவருக்கு ஞாபகம் போகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது 2002-ல். நடுவில் இருந்த ஆறு வருடமும் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பொன்முடி ரோட்டில் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். நான் அங்கே யூனியன் செயலாளர். வன்னியராஜ் ஃபேக்டரியில் பதம் பார்க்கிறவர். உருட்டிய இலையைப் பரப்பி வைத்தால் பச்சை வாடை போய்ப் பழவாசனை வரும். வந்ததும் டிரையருக்கு அனுப்ப வேண்டும், பிந்தினால் புளித்துவிடும். வெயிலுக்கு ஒரு நேரம், மழைக்கு ஒரு நேரம் ஆகும் என்பதால் கடிகாரத்தை நம்ப முடியாது. வன்னியராஜ் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு “எடு” என்பார். எடுப்பார்கள். பதினெட்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

அந்த ஏப்ரலில் மூன்று லாட் தேயிலை ஏலத்திலிருந்து திரும்பி வந்தது. எல்லாம் புளித்த தூள். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சில மாதமாகவே அவர் சும்மா முகர்ந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து “எடு” சொல்லியிருக்கிறார். குளிரில் தப்பித்தார். வெயில் காட்டிக் கொடுத்தது.

நாசவேலை என்று மேனேஜர் சார்ஜ் ஷீட் கொடுத்தார். வேலை போனால் முப்பது நாளில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி ஜெபமலர் இடுப்பு வலியால் கொழுந்து பறிப்பதை விட்டவர். போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

விசாரணையில் மேனேஜர் மூன்று கிளாஸ் வைத்தார். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் வினிகர், ஒன்றில் தண்ணீர். கண்ணைக் கட்டி முகரச் சொன்னார். மூன்றும் தண்ணீர் என்றார் வன்னியராஜ். நடிக்கிறான் என்றார் மேனேஜர்.

“வேணும்னா குடிச்சுக் காட்டுதேன் சாரே” என்று வன்னியராஜ் ஒரு கிளாஸைத் தூக்கினார். தூக்கியது மண்ணெண்ணெய். நான் பிடுங்கினேன். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அன்றைக்கே நோட்டீஸ் எழுதினேன். ‘மூக்கைத் தின்ற முதலாளி’ என்று தலைப்பு. டிரையர் புகைதான் காரணம் என்று எழுதினேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. தொழிலாளிக்கு இருமல் என்றால் புகை, சொறி என்றால் மருந்தடிப்பு, முட்டிவலி என்றால் மேடு. இருபது வருடம் அப்படி எழுதிப் பழகிய கை. ஃபேக்டரி நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் ஒப்பந்தம் ஆனது. வன்னியராஜுக்கு எஸ்டேட் கேட்டில் காவல் வேலை. அவரோ மனைவியோ உயிரோடிருக்கும்வரை வீடு. காரணம் என்ற இடத்தில் ‘ஃபேக்டரிப் புகை’ என்று நானே எழுதினேன். எனக்கு மாலை போட்டார்கள்.

லயம் என்றால் ஒரே கூரை, ஒரே பச்சைப் பெயிண்டில் பன்னிரண்டு கதவு. 2002-ல் வன்னியராஜ் டூட்டி முடிந்ததும் அடுத்தவர் வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோறு கேட்க ஆரம்பித்தார். அதே லயத்து ஆவுடைத்தாய் வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சத்தம் வேறு போட்டிருக்கிறார். அவள், எங்க வீட்டு மாப்பிள்ளைகூட இம்புட்டு அதட்டுனதில்ல என்று சொல்லி உப்பைப் போட்டிருக்கிறாள். கேட்டிலும் அதே கதைதான். புதிதாக வந்த மேனேஜரின் ஜீப்பை ஒரே நாளில் மூன்று தடவை நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். அந்த மேனேஜரோ, காவல்காரன் ரொம்பக் கண்டிப்பு என்று பாராட்டினார்.

ஜெபமலர் சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் அவரைக் காட்டினார். டாக்டரம்மா நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளம் கலந்த தமிழ். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். 1996-லேயே போய்விட்டது, ஃபேக்டரிப் புகை என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

“அந்தப் புகையில எத்தன பேரு ஜோலி செய்யுதாங்க?”

“பதினாலு.”

“மத்த பதிமூணு பேருக்கும் மணம் கிட்டுதோ?”

நான் கேட்டதே இல்லை. அவர்களிடம் நான் கேட்டதெல்லாம் வேலையை நிறுத்தச் சொல்லித்தான்.

டாக்டரம்மா விளக்கினார். மூக்கு போனவர்களுக்கெல்லாம் மறதி வருவதில்லை. சளியிலும் போகும், அடிபட்டாலும் போகும். ஆனால் இந்த மறதி நோயில் சிலருக்கு ஞாபகம் போவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போய்விடும், இவருக்கு அநேகமாக அதுதான் ஆரம்பம். இதையே ஆங்கிலத்தில் கடிதமாகவும் கொடுத்தார்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஜெபமலர் அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப பொக இல்லியா அண்ணாச்சி?”

“இல்ல.”

“வீடு பொகைக்குத்தானே தந்தது?” கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டார். “இருக்க வீட்டுக்கே வழி தப்புதாரு. புது வீட்ட நான் எப்பிடிப் படிச்சுக் குடுப்பேன்? அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுங்க.”

கிழிக்க முடியாது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். அவரை அங்கிருந்து மாற்ற அந்தக் கடிதம்தான் வேண்டும். மேனேஜரிடம் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே வைத்தேன். அவர் இரண்டையும் படித்தார். காரணம் தப்பென்றால் ஒப்பந்தமும் செல்லாதே என்றார்.

“தப்பு என்னுது. கையெழுத்து ஒங்க கம்பெனியோடது” என்றேன்.

நோட்டீஸ் ஒன்று போட்டேன். புகை இல்லை, நான் எழுதியது தவறு, வீடு அவர்களுடையது. மூன்றே வரி. தலைப்பு வைக்கவில்லை. யூனியனில் பாதிப்பேர் என்னோடு பேசவில்லை. மேனேஜர் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். பழைய நான்கு நாளை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. அவரைக் கேட் வேலையிலிருந்து எடுங்கள், வீட்டைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது.

அதன் பிறகு வன்னியராஜ் சாகும்வரை அந்த வீட்டில் இருந்தது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள்.