ஜாக்குலின் மிஸ்ஸின் வீணை கிளாஸ்

ஜாக்குலினை நினைத்தாலே எனக்கு முதலில் தலைவலிதான் வரும். பாசமெல்லாம் அப்புறம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஷேர் ஆட்டோ. அதனால் அவளுடைய புலம்பல் மொத்தமும் என் காதில்தான் விழுந்தது. நான் கணக்கு டீச்சர். அவள், படிக்கவும் எழுதவும் தடுமாறுகிற பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவள்.

மதுராந்தகத்துக்காரி. அப்பா ஞானதாஸ் அங்கே நெல் மண்டியில் மூட்டை தூக்கிப் பெண்ணைப் படிக்க வைத்தார். செங்கல்பட்டில் தங்கி பி.எட். முடித்து, சென்னையில் இதற்கென்றே ஒரு பயிற்சியும் எடுத்துக்கொண்டு, தொண்ணூற்றேழில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அணு ஆராய்ச்சிக்காரர்களின் குவார்ட்டர்ஸை ஒட்டிய பள்ளி. ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டாள். "வேற வேகன்சி இல்ல டீச்சர்," என்பாள்.

அவளுக்குக் கொடுத்த அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. பிள்ளைகள் அதற்கு மக்கு ரூம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு பெற்றோரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்பா விஞ்ஞானி, அம்மா எம்.எஸ்சி., பிள்ளைக்கு மட்டும் எழுத்து குழம்புகிறது என்றால் ஒத்துக்கொள்வார்களா? சோம்பேறித்தனம் என்பார்கள், கண்ணாடி மாற்றுவார்கள், காதைத் திருகுவார்கள். ஜாக்குலினிடம் மட்டும் அனுப்ப மாட்டார்கள்.

அப்படியும் ஒரு அம்மா வந்தார். ராஜம். மகள் வைஷாலி அப்போது பத்தாம் வகுப்பு. வாயைத் திறந்தால் பதில் கொட்டும். பேனாவை எடுத்தால் போச்சு. கணக்கில் 63 என்று கொடுத்திருப்பதை 36 என்று எழுதிவிட்டு, அந்த 36க்குச் சரியாக விடை கண்டுபிடித்திருப்பாள். படிக்கும்போது கண் அடுத்த வரிக்கு நழுவிவிடும். ஜாக்குலின் ஒரு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டிக் கொடுத்தாள். அதை நகர்த்தி நகர்த்தி அந்தப் பெண் படிக்க ஆரம்பித்தது. கணக்கில் தவறினால் திருச்சியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். அவளுக்கு அந்தப் பயம் வேறு.

ராஜம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "யாருக்கும் தெரியப்படாது மிஸ். எங்காத்துப் பக்கத்துல எல்லார்கிட்டயும் வீணை கிளாஸ் போறான்னு சொல்லியிருக்கேன்."

நவராத்திரி வந்தது. கொலுவுக்கு வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? "வைஷாலி, ஒரு பாட்டு வாசியேன்," என்றார்கள். விரலில் காயம் என்று ராஜம் சமாளித்தார். அடுத்த வருஷமும் கொலு வருமே! மறு வாரமே வீணை ஒன்றை வாங்கி, நிஜமாகவே ஒரு வீணை கிளாஸில் சேர்த்துவிட்டார். எந்த நேரத்தில்? ஜாக்குலினிடம் வருகிற அதே நேரத்தில்!

அன்றைக்கு ஆட்டோவில் ஜாக்குலின் கத்திய கத்தலில் டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கோபம் வந்தால் பள்ளிக்கூடப் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிடும் அவளுக்கு. "இன்னா டீச்சர் இது அநியாயமா கீது? என் கிளாஸ மறைக்க வீணைன்னாங்க. இப்ப வீணைக்காக என் கிளாஸையே கட் பண்றாங்க! பேஜாரா கீது டீச்சர்."

"விட்டுத் தொலையேன்," என்றேன்.

விடுகிற ஜென்மமா அது? விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பிரேயருக்கு முன்னால் வைஷாலிக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதோடு, பொதுத் தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து அதையும் வாங்கி வந்தாள். அதற்கான படிவத்தில் ராஜம் கையெழுத்துப் போடுவதற்குள் எனக்கே நரை கூடிவிட்டது.

தமிழ்த் தேர்வு. மணி அடித்தது. எல்லோருடனும் சேர்ந்து வைஷாலியும் வெளியே வந்து நின்றாள். பாதிதான் எழுதியிருந்தாள். "அம்மா கேட் வாசல்ல நிக்கறா மிஸ். நான் மட்டும் உள்ள இருந்தா எல்லாரும் கேப்பாளே."

ஜாக்குலின் நேராக ராஜத்திடம் போனாள். "மேடம், உங்க கால்ல வேணா வுழறேன். கணக்கு அன்னிக்கு நீங்க வராதீங்க."

கணக்கு அன்றைக்கும் வந்தார். குடையும் ஃபிளாஸ்குமாக, மற்ற அம்மாக்களோடு கேட்டில் நின்றார்; நானும் ஜாக்குலினும் கொஞ்சம் தள்ளி நின்றோம். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், கூட்டம் கலைந்தது, வைஷாலியைக் காணோம். மூத்த பெண்ணைக் கூட்டிப்போக வந்திருந்த பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி, ஏழாம் வகுப்பு ஷ்யாமின் அம்மா, விடவில்லை.

"எங்க வைஷாலி? எல்லாரும் வந்துட்டாங்களே?"

"வருவா... பாத்ரூம் போயிருப்பா."

"இவ்வளவு நேரமாவா? உடம்புக்கு ஏதாவதா? உள்ள போய்ப் பாக்கச் சொல்லவா?"

ராஜத்தின் முகம் வியர்த்துவிட்டது. சட்டென்று குடையை விரித்தார், வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார், போய்விட்டார். பெற்ற பெண் உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த பஸ்ஸைக் கல்லால் அடித்திருப்பேன். ஜாக்குலின் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுக் கட்டையில், கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய.

ஒரு மணி நேரம் கழித்து, விரலெல்லாம் மையாக வைஷாலி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அம்மா எங்க மிஸ்?"

"பஸ்ல போய்ட்டாங்கம்மா."

"அப்பாடா!" என்றாள் அந்தப் பெண். பிறகுதான் சிரித்தாள். "கடைசிக் கணக்கு வரைக்கும் போட்டுட்டேன் மிஸ். நம்பரெல்லாம் ரெண்டு தரம் சரிபார்த்தேன்."

ஜாக்குலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

ரிசல்ட் வந்தது. வைஷாலி தமிழில் தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். கணக்கில் எழுபத்தொன்று! ராஜம் டப்பா நிறைய மைசூர்பாகோடு ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார். எல்லோர் எதிரிலும் சொன்னார்: "எல்லாம் வீணையாலதான். வாசிக்க ஆரம்பிச்சப்புறம்தான் கொழந்தைக்கு மனசு ஒருமைப்பட்டுது."

நான் வாயைத் திறந்தேன். ஜாக்குலின் என் காலை மிதித்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு அவளே வெடித்தாள். "அப்ப நான் இன்னா தண்டத்துக்கா கீறேன்?"

கூத்து அதோடு முடியவில்லை. பள்ளி திறந்த வாரமே குவார்ட்டர்ஸில் ஆறு பிள்ளைகளுக்கு வீணை வாங்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. ஜாக்குலின் அறையில் வழக்கம்போல் ஒருவரும் இல்லை. ஒரு நாள் மாலை ஒரு ஆட்டோ வந்து நின்றது. வைஷாலி இறங்கினாள், கையில் உறை போட்ட வீணை.

"இனிமே வாசிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் மிஸ். இத உங்க ரூம்ல வெச்சுக்கோங்க."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பேசல. இன்னிக்கு ஆட்டோவுக்குக் காசு கொடுத்தா."

உறையைக் கழற்றி, வெளியே போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலோரம் வீணையை வைத்தாள் ஜாக்குலின். "இது பொய்யில்லையா?" என்று கேட்டேன். "நான் எங்க டீச்சர் சொன்னேன்? வெச்சுகினு கீறேன், அவ்ளோதான்," என்றாள்.

மறுநாள் ஷ்யாமைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அம்மா வாசலில் நின்றார். ஜன்னலைப் பார்த்தார், ஜாக்குலினைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க... வீணை கிளாஸ் எடுக்கறீங்களாமே, மிஸ்? ராஜம் மேடம்தான் சொன்னாங்க."

வாயைத் திறக்காதே என்பதுபோல் ஜாக்குலின் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு பெஞ்சைத் துடைத்தாள்.

"உள்ள வா ஷ்யாம். தமிழ் புக்க எடு."